வாசகர் கேள்வி–பதில்: வேலூர் வெயிலுக்கும் கரண்டுக்கும் ஏற்ற கேமிங் கணினி

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பல பழைய வட ஆற்காடு மாவட்டத்து ஊர்களிலிருந்து வந்தவை. விஷயமும் ஒன்றுதான்: லட்சங்களைத் தொடும் கேமிங் கணினிக்கு எந்தப் பாகத்தை வாங்குவது, எதில் பணத்தை மிச்சம் பிடிப்பது. சென்னையிலோ பெங்களூரிலோ போடும் பட்டியலை அப்படியே இங்கே எடுத்து வந்தால் மே மாதத்தில் சிக்கல் வரும். ஆகவே பதில்களில் வெயிலுக்கும் மின்சாரத்துக்கும் கூடுதலாக இடம் கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: மானிட்டரும் சேர்த்து மூன்று லட்ச ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். கிராபிக்ஸ் கார்டில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5080 வாங்கலாமா, 5070 டிஐ போதுமா? பிராசஸர், மதர்போர்டு எது? நண்பர்கள் ஆளுக்கொரு பட்டியல் தருகிறார்கள், குழப்பமாக இருக்கிறது.
– வாசகர், சத்துவாச்சாரி

பதில்: பட்டியலை மானிட்டரிலிருந்து தொடங்குங்கள். பலர் பிராசஸரில் தொடங்கி, கடைசியில் கையில் மிஞ்சிய காசுக்கு ஒரு மானிட்டரை வாங்குகிறார்கள். கணக்கு தவறுவது அங்கேதான். 4கே திரையில் சுமார் 83 லட்சம் புள்ளிகள்; 1440பி திரையில் சுமார் 37 லட்சம். அதாவது 4கே என்று முடிவு செய்த கணமே கிராபிக்ஸ் கார்டின் வேலை இரண்டேகால் மடங்காகிறது. சுட்டு விளையாடும் போட்டி ஆட்டங்கள்தான் உங்களுக்குப் பிடிக்கும் என்றால் 27 அங்குலம், 1440பி, 240 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 240 முறை படம் மாறும் திரை). நிதானமாக ஊர் சுற்றிப் பார்க்கும் கதை ஆட்டங்கள் என்றால் 32 அங்குலம், 4கே, 144 ஹெர்ட்ஸ். இதை முடிவு செய்யாமல் கார்டைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

கார்டில் எங்கள் தேர்வு 5070 டிஐ. 2025 தொடக்கத்தில் என்விடியா இந்தியாவுக்கு அறிவித்த விலை 5080க்கு 1,07,000 ரூபாய், 5070 டிஐக்கு 80,000 ரூபாய். கடையில் விலை மேலும் கீழும் போகும். விகிதத்தை மட்டும் கவனியுங்கள். மூன்றில் ஒரு பங்கு பணம் கூடுதலாகப் போகிறது. கிடைக்கும் கூடுதல் வேகமோ ஆட்டத்தைப் பொறுத்து 10 முதல் 20 சதவீதம்தான். கார்டின் நினைவகம் இரண்டிலும் ஒரே 16 ஜிபி. அந்த வித்தியாசப் பணத்தை நல்ல மானிட்டருக்குக் கொடுத்தால் தினமும் கண்ணுக்குத் தெரியும். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டியும் 16 ஜிபி கார்டுதான். வழக்கமான ஆட்டங்களில் 5070 டிஐக்குப் பக்கத்தில் வரும். ஒளிக்கற்றைகளை முழுமையாகக் கணக்கிடும் பாத் டிரேஸிங்கில் பின்தங்கும். விலை கணிசமாகக் குறைவாகக் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். டிஐ இல்லாத வெறும் 5070ஐ 4கே திரைக்கு வாங்க வேண்டாம். அதில் 12 ஜிபிதான். டெக்ஸ்சர் (பரப்புகளின் நுணுக்கம்) அமைப்பை உச்சத்தில் வைத்து, ஒளிக்கற்றைகளைக் கணக்கிடும் ரே டிரேஸிங்கையும் போட்டால் சில புதிய ஆட்டங்களில் அது நிரம்பிவிடும். சராசரி ஃபிரேம் கணக்கு (நொடிக்கு எத்தனை படம் என்பது) நன்றாகத் தெரியும், ஆனால் ஆட்டம் திக்கித் திக்கி ஓடும்.

பிராசஸரில் 240 ஹெர்ட்ஸ் ஆசை இருந்தால் ரைசன் 7 9800எக்ஸ்3டி. எட்டு கோர்தான், ஆனால் பிராசஸருக்குள்ளேயே 96 எம்பி எல்3 கேஷ் நினைவகம் உள்ளது. ஆட்டங்கள் அடிக்கடி கேட்கும் தரவு ரேம் வரை போய்வராமல் அங்கேயே கிடைப்பதால்தான் அதற்கு அந்த வேகம். 4கே திரைதான் என்று முடிவெடுத்திருந்தால் அதுவும் கட்டாயமில்லை. அங்கே பெரும்பாலும் கார்டுதான் மூச்சு வாங்கும். ரைசன் 5 9600எக்ஸ் போதும். 16 கோர் பிராசஸரை விளையாட்டுக்கென்று மட்டும் வாங்காதீர்கள். வீடியோ எடிட்டிங், 3டி வேலை இருந்தால் வேறு விஷயம்.

மதர்போர்டில்தான் அதிகப் பணம் வீணாகிறது. பி850 சிப்செட் போர்டு, மின்சாரப் பகுதியின் மேல் கனமான ஹீட்சிங்க் (சூட்டைக் கடத்தும் உலோகத் தகடுகள்), பின்பக்கம் பயாஸ் எனும் போர்டின் அடிப்படை மென்பொருளைப் பென்டிரைவிலிருந்து புதுப்பிக்கும் ஃபிளாஷ்பேக் பொத்தான் – இவ்வளவு இருந்தால் போதும். எக்ஸ்870 போர்டுகளில் யுஎஸ்பி4 கட்டாயம். அதற்கும் பிராசஸரின் லேன்களில் (தரவுப் பாதைகளில்) நான்கு போகும். சில போர்டுகளில் இரண்டாவது எம்.2 இடத்தில் எஸ்எஸ்டி போட்டால் கிராபிக்ஸ் கார்டின் 16 லேன் 8 ஆகக் குறையும். வாங்கும் முன் அந்த போர்டின் கையேட்டை இறக்கி, லேன் பங்கீட்டு அட்டவணை இருக்கும் பக்கத்தைப் படியுங்கள். எஸ்எஸ்டி ஜென்4 (நான்காம் தலைமுறை), 2 டிபி போதும். ஜென்5 தாளில் இரு மடங்கு வேகம், கூடவே சூடும் அதிகம். ஆட்டம் திறக்கும் நேரத்தில் வித்தியாசம் மிகச் சிறிதுதான்.

ரேம் 32 ஜிபி, இரண்டு 16 ஜிபி குச்சிகள், டிடிஆர்5 வகை, 6000 வேகம், சிஎல்30 தாமத அளவு. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை மிகவும் ஏறியிருப்பதால் 64 ஜிபி ஆசையை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) 850 வாட், கோல்டு தரம், ஏடிஎக்ஸ் 3.1 விதிப்படி. மொத்தத்தில் கார்டுக்கும் மானிட்டருக்கும் சேர்த்து ஏறக்குறைய பாதிப் பணம் போகட்டும். வண்ண விளக்குக்கும் கண்ணாடிக் கேபினெட்டுக்கும் மற்ற எல்லாம் முடிந்த பிறகு மிச்சம் இருந்தால் பார்க்கலாம்.

கேள்வி: எங்கள் வீடு மொட்டை மாடிக்கு நேர் கீழ் அறை. கத்திரி வெயிலில் இரவு பத்து மணிக்கும் சுவர் சுடுகிறது. 360 மி.மீ. தண்ணீர்க் கூலர் போட்டால் சரியாகுமா?
– வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: ஆகாது. எந்தக் கூலரும் அறையின் வெப்பத்துக்குக் கீழே ஒரு டிகிரி கூடக் குளிர்விக்க முடியாது. அறை 25 டிகிரியில் இருக்கும்போது 65 டிகிரி காட்டும் கார்டு, அறை 40 டிகிரியானால் 80ஐத் தொடும். இது காற்றுக் கூலருக்கும் தண்ணீர்க் கூலருக்கும் பொது.

இன்னொன்று. தண்ணீர்க் கூலர் குளிர்விப்பது பிராசஸரை. 9800எக்ஸ்3டி போன்ற பிராசஸர் விளையாடும்போது பெரும்பாலும் 100 வாட்டுக்குள்தான் இழுக்கும். கார்டு இழுப்பது 300 வாட்டும் அதற்கு மேலும். அறையையும் கேபினெட்டையும் சூடாக்குவது கார்டு. நீங்கள் பணம் செலவழிக்க நினைப்பது பிராசஸருக்கு. இரட்டை அடுக்கு காற்றுக் கூலர் ஒன்று, 120 மி.மீ. விசிறி இரண்டுடன், இந்தப் பிராசஸருக்குத் தாராளம். உயரம் 155 முதல் 168 மி.மீ. வரை இருக்கும், கேபினெட் எவ்வளவு இடம் தருகிறது என்று பார்த்து வாங்குங்கள். பம்ப் இல்லாததால் பழுதாகும் பாகம் விசிறி மட்டும்தான். அதை எங்கேயும் வாங்கி மாற்றலாம்.

அப்படியும் தண்ணீர்க் கூலர்தான் வேண்டும் என்றால் ரேடியேட்டரைக் கேபினெட்டின் மேல்பக்கம் பொருத்துங்கள். உள்ளே சிறிது காற்று எப்போதும் இருக்கும். அது மிக உயர்ந்த இடத்தில் போய்ச் சேரும். பம்ப் அந்த உயர்ந்த இடமாக இருந்தால் காற்று அங்கே தங்கி, கலகலவென்று சத்தம் வரும், பம்ப்பும் சீக்கிரம் போகும். ரேடியேட்டரின் மேல் விளிம்பு எப்போதும் பம்ப்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும்.

உங்கள் அறைக்கு உண்மையில் உதவக்கூடியவை வேறு. கேபினெட்டின் முன்பக்கம் முழுக்க வலையாக இருக்கட்டும். கண்ணாடி முகப்பு நம் ஊருக்கு ஒத்துவராது. முன்னால் மூன்று விசிறிகள் காற்றை உள்ளே இழுக்க, பின்னால் ஒன்றும் மேலே பின்பக்க ஓரத்தில் ஒன்றும் வெளியே தள்ள வேண்டும். உள்ளே வருவது வெளியே போவதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தால் தூசி வடிகட்டி வழியாக மட்டுமே காற்று வரும், இடுக்குகள் வழியாகத் தூசி நுழையாது. கணினி மேஜைக்குள் சிபியு வைக்கும் மூடிய அறை இருக்கிறதே, அதில் வைக்கவே வேண்டாம். வெளியேறிய சூடான காற்றையே கேபினெட் திரும்ப இழுக்கும். சுவரிலிருந்து ஒரு சாணாவது தள்ளி வையுங்கள்.

அடுத்து, காசு செலவில்லாத வழி. கார்டின் பவர் லிமிட்டை 80 சதவீதமாகக் குறையுங்கள். 300 வாட் கார்டு 240 வாட்டோடு நின்றுகொள்ளும். வேகத்தில் சில சதவீதம்தான் குறையும். சூடும் விசிறிச் சத்தமும் நன்றாகவே குறையும். ஃபிரேம் எண்ணிக்கைக்கும் ஒரு வரம்பு வையுங்கள். 144 ஹெர்ட்ஸ் திரைக்கு 200 ஃபிரேம் வரைந்தால் 56 ஃபிரேம் வீணான சூடு. மார்ச் முதல் ஜூன் வரை இந்த அமைப்பை ஒரு ப்ரொஃபைலாகச் சேமித்து வைத்துக்கொண்டு, மழைக்காலத்தில் பழையபடி மாற்றிக்கொள்ளலாம்.

ஏசி போடுவதானால் ஒரு கணக்கு: கணினி சுவரிலிருந்து இழுக்கும் 500 வாட்டும் கடைசியில் அறைச் சூடாகத்தான் வெளியே வருகிறது. ஒரு டன் ஏசியின் திறன் சுமார் 3,500 வாட். அதில் ஏழில் ஒரு பங்கு கணினிக்கே போய்விடும். மொட்டை மாடித் தளம் தரும் சூட்டுக்கு மேல் இதுவும் சேருவதால், சிறிய அறைக்கும் முக்கால் டன் போதாது. மாடித் தளத்துக்கு வெள்ளைக் கூலிங் பெயிண்ட் அடிப்பது எந்தக் கூலரையும்விட உங்கள் கணினிக்கு நல்லது. இதைத் தயங்காமல் சொல்கிறோம்.

கேள்வி: வீட்டின் முன்பகுதியில் தறி ஓடுகிறது. உள் அறையில் கணினி. மூன்று மாதத்துக்குள் விசிறியெல்லாம் பஞ்சு படிந்து விளையாட்டு தானாக நின்றுபோகிறது. புதிதாக வாங்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?
– வாசகர், குடியாத்தம்

பதில்: பஞ்சு சாதாரணத் தூசியைப் போல உதிராது; நூல் நூலாகப் பின்னி, வடிகட்டியின் மேல் கம்பளம் மாதிரிப் படியும். வடிகட்டியைத் தாண்டிவிட்டால் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே அடைத்துக்கொள்ளும். விசிறி சுற்றும், காற்று போகாது. பிராசஸர் 95 டிகிரியைத் தொட்டு வேகத்தைக் குறைக்கிறது. உங்களுக்கு ஆட்டம் நிற்பதாகத் தெரிகிறது.

தண்ணீர்க் கூலர் உங்களுக்கு வேண்டவே வேண்டாம். ரேடியேட்டரின் தகடுகள் மிக நெருக்கமானவை, பஞ்சு அடைத்தால் கழற்றாமல் எடுக்க முடியாது. தகடுகளுக்கு நடுவே இடைவெளி அதிகமுள்ள காற்றுக் கூலரைத் தேர்ந்தெடுங்கள். கேபினெட்டில் முன், மேல், கீழ் மூன்று பக்கமும் கையால் இழுத்தால் வந்துவிடும் நைலான் வடிகட்டி இருக்க வேண்டும். திருகு கழற்றித்தான் எடுக்க முடியும் என்றால் யாரும் தொடர்ந்து சுத்தம் செய்யமாட்டார்கள். தரையில் வைக்காமல் இரண்டடி உயரத்தில் வையுங்கள். பஞ்சு அதிகம் உருளுவது தரையில்தான்.

வடிகட்டியை வாரம் ஒருமுறை தண்ணீரில் அலசி, முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். மாதம் ஒருமுறை மின்சாரத்தைத் துண்டித்து, வெளியே எடுத்து, புளோயரால் ஊதுங்கள். ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அளவுக்கு மீறிய வேகத்தில் சுற்றி பேரிங் கெட்டுவிடும். வாக்குவம் கிளீனரை நேரடியாக போர்டின் மேல் வைக்காதீர்கள், நிலைமின்சாரம் பாயும். பின்பக்கம் காலியாக இருக்கும் கார்டு இடுக்குகளின் தகட்டைக் கழற்றிப் போட்டிருந்தால் திரும்ப மாட்டுங்கள். பஞ்சு மட்டுமல்ல, பல்லியும் அந்த வழியாகத்தான் சூடு தேடி உள்ளே போகிறது.

கேள்வி: கிராமத்து வீடு. கரண்ட் அடிக்கடி போய் வரும். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, ஆனால் மாறும் நேரத்தில் கணினி ரீஸ்டார்ட் ஆகிறது. கேபினெட்டைத் தொட்டால் லேசாகச் சுரீர் என்கிறது. ஆர்டிஎக்ஸ் 5080 வாங்கலாம் என்று இருக்கிறேன், பயமாகவும் இருக்கிறது.
– வாசகர், அணைக்கட்டு

பதில்: முதலில் அந்தச் சுரீரைக் கவனியுங்கள். எஸ்எம்பிஎஸ் உள்ளே மின் இரைச்சலை வடிகட்டும் இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள், பேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக எர்த்தோடு இணைக்கப்பட்டிருக்கும். எர்த் சரியாக இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குள் போய்விடும். எர்த் இல்லையென்றால் கேபினெட் உலோகத்தில் 230 வோல்ட்டில் பாதி, அதாவது சுமார் 115 வோல்ட் நிற்கும். மிகக் குறைந்த ஆம்பியர் என்பதால் பொதுவாக ஆளுக்கு ஆபத்து குறைவு. ஆனால் மானிட்டர் கேபிளையோ யுஎஸ்பி சாதனத்தையோ செருகும் நேரத்தில் போர்ட் கெட்டுப்போகலாம். எர்த் இல்லாத வீட்டில் வேறொரு சாதனத்தில் உண்மையான மின்கசிவு ஏற்பட்டால் அது உயிருக்கே ஆபத்து. எனவே கார்டு வாங்கும் முன் எர்த்துக்குச் செலவழியுங்கள்.

எலக்ட்ரீஷியனை அழைத்து, மல்டிமீட்டரால் பிளக் பாயிண்ட்டில் மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள். பேஸ்–நியூட்ரல் 230 வோல்ட் அளவில், பேஸ்–எர்த் கிட்டத்தட்ட அதே அளவில், நியூட்ரல்–எர்த் 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். நம் பக்கம் பல இடங்களில் அடியில் பாறை, மேல்மண்ணும் கோடையில் வறண்டுவிடும். மார்கழியில் நன்றாக இருந்த எர்த் சித்திரையில் வேலை செய்யாது. எர்த் குழியில் வாரம் ஒருமுறை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினால் வித்தியாசம் மீட்டரிலேயே தெரியும். நியூட்ரலையும் எர்த்தையும் பிளக்குக்குள் சேர்த்துக் கட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வரும் வழியில் நியூட்ரல் அறுந்தால் கேபினெட்டில் முழு 230 வோல்ட் வந்து நிற்கும்.

அடுத்து ரீஸ்டார்ட். கரண்ட் நின்ற பிறகு நல்ல எஸ்எம்பிஎஸ் முழுச் சுமையில் 12 மில்லி விநாடியும், 80 சதவீதச் சுமையில் 17 மில்லி விநாடியும் தாங்க வேண்டும் என்பது ஏடிஎக்ஸ் 3.1 விதி. வீட்டு இன்வெர்ட்டர் சாதாரண நிலையில் மாறுவதற்கு 40 மில்லி விநாடி வரை எடுத்துக்கொள்ளும். பல இன்வெர்ட்டர்களில் பின்பக்கம் யுபிஎஸ் நிலைக்கு ஒரு சுவிட்ச் இருக்கும். அதில் போட்டால் மாறும் நேரம் குறையும். ஆனால் மின்னழுத்தம் 180க்குக் கீழே போனாலே பேட்டரிக்குத் தாவும். மாலையில் வோல்டேஜ் குறையும் ஊர்களில் இது பேட்டரியைச் சீக்கிரம் காலி செய்யும். சதுர அலை இன்வெர்ட்டர் என்றால் கேமிங் கணினியை அதில் மாட்டவே கூடாது. சைன் அலை வேண்டும்.

சரியான வழி கணினிக்குத் தனி யுபிஎஸ். கடைகளில் சுலபமாகக் கிடைக்கும் 600 விஏ யுபிஎஸ் தருவது 360 வாட்தான். 5080 கணினி விளையாடும்போது மானிட்டரோடு 550 வாட்டைத் தொடும். கரண்ட் போன அந்த நொடியே யுபிஎஸ் சுமை தாங்காமல் அணையும்; இருந்தும் இல்லாத மாதிரி. 1,500 விஏ, 900 வாட், பியூர் சைன் வேவ் என்று பெட்டியில் எழுதியிருப்பதை வாங்குங்கள். விளையாடிக்கொண்டே இருக்க இது உதவாது. சேமித்து ஒழுங்காக அணைக்க ஐந்து முதல் பத்து நிமிடம் கிடைக்கும். பிரிண்டரையும் ஸ்பீக்கரையும் அதில் மாட்டாதீர்கள்.

தனியாக ஸ்டெபிலைசர் தேவையில்லை. இன்றைய நல்ல எஸ்எம்பிஎஸ்கள் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். இடி மின்னலுக்கு மட்டும் இவை எதுவும் போதாது. கோடை மழை இருட்டிக்கொண்டு வரும்போது பிளக்கையும், செம்புக் கம்பி வழியாக இணையம் வந்தால் அந்த லேன் கேபிளையும் சேர்த்துப் பிடுங்கி வையுங்கள். மதர்போர்டுகள் பல தடவை லேன் வழியாகத்தான் எரிகின்றன.

கேள்வி: ஆர்டிஎக்ஸ் 5090 வாங்க வசதி இருக்கிறது. ஆனால் கேபிள் உருகுகிறது என்கிறார்களே, உண்மையா? எத்தனை வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும்?
– வாசகர், ஆம்பூர்

பதில்: உண்மை. 2022 அக்டோபரில் 4090 வெளிவந்தபோதே இந்தப் புகார்கள் தொடங்கின. காரணம் எளிய கணக்கு. கார்டுக்கு மின்சாரம் தரும் 16 முள் கனெக்டரின் உச்ச அளவு 600 வாட். 12 வோல்ட்டில் அது 50 ஆம்பியர். மின்சாரம் கொண்டுபோகும் முட்கள் ஆறு, ஒன்றுக்கு 8.3 ஆம்பியர். அந்த முள் தாங்கும் அளவு 9 ஆம்பியருக்குச் சற்று மேல். இரண்டு முட்கள் சரியாகப் பதியவில்லை என்றால் மீதி நான்கின் மேல் சுமை ஏறும், உருகும். 5090 இழுப்பது 575 வாட், ஆகவே விளிம்பிலேயே நிற்கிறது. 360 வாட் 5080இல் ஒரு முள்ளுக்கு 5 ஆம்பியர்தான், 5070 டிஐயில் அதைவிடக் குறைவு. அந்தக் கார்டுகளுக்கு இந்த அளவு பயம் தேவையில்லை.

5090க்கு 1,000 வாட் குறைந்தபட்சம். நம் வெயிலில் 1,200 வாட் எடுத்தால் எஸ்எம்பிஎஸ் விசிறி அமைதியாக ஓடும். அந்த 16 முள் கனெக்டரின் திருத்திய வடிவான 12வி-2×6 எஸ்எம்பிஎஸ்ஸிலேயே இருக்கட்டும், மாற்றி அடாப்டர் வேண்டாம். இந்தப் புதிய வடிவில் உணர்வு முட்கள் (கேபிள் பதிந்ததைக் கார்டுக்குச் சொல்பவை) குட்டையானவை. கேபிள் பாதி செருகியிருந்தால் கார்டு முழு மின்சாரத்தைக் கேட்காது. செருகும்போது விளிம்பில் இடைவெளியே தெரியாத வரை அழுத்துங்கள், பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். கனெக்டரிலிருந்து 35 மி.மீ. வரை கேபிள் நேராக வர வேண்டும்; அதற்கு முன் மடக்கினால் ஒரு பக்க முட்கள் இழுபடும். கண்ணாடிக் கதவு கேபிளை அழுத்துகிறதா என்று கேபினெட் வாங்கும்போதே பாருங்கள். அடிக்கடி கழற்றி மாட்டுவதும் கூடாது, பிடிமானம் தளரும். முதல் மாதம் முடிந்ததும் ஒருமுறை அணைத்துவிட்டு, கனெக்டரின் நிறம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பழுப்பு தெரிந்தால் அதற்குமேல் ஓட்டாமல் கடைக்குக் கொண்டுபோங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள்: பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கழற்றி மாட்டும் கேபிள்களைப் புதியதில் பயன்படுத்தவே கூடாது. பிளக் பொருந்தும், ஆனால் எஸ்எம்பிஎஸ் பக்கத்து முள் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. போட்ட உடனே எஸ்எஸ்டியோ போர்டோ போய்விடும்.

கேள்வி: பழைய இன்டெல் ஐ9 14900கே ஒன்று மலிவாக வருகிறது. எடுக்கலாமா?
– மாணவர், காட்பாடி

பதில்: வேண்டாம் தம்பி. 13, 14ஆம் தலைமுறை கே வகைப் பிராசஸர்களில் அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் நாளடைவில் உள்ளே சேதமாகும் பிரச்சினை இருந்ததை 2024இல் இன்டெல் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மைக்ரோகோட் (பிராசஸரின் உள் மென்பொருள்) திருத்தங்கள் வந்தன. வாரண்ட்டியையும் இரண்டு ஆண்டு நீட்டித்து ஐந்தாக்கினார்கள். ஆனால் ஏற்கெனவே சேதமான பிராசஸரைத் திருத்தம் சரிசெய்யாது. முன்பு யார், எந்த பயாஸில், எவ்வளவு காலம் ஓட்டினார்கள் என்று உனக்குத் தெரிய வழியில்லை. கிராபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்று ஆட்டம் திறக்கும்போதே பிழை வருவதும், பெரிய ஜிப் ஃபைலைப் பிரிக்கும்போது பிழை வருவதும் அதன் அடையாளங்கள். அந்தப் பணத்தில் ரைசன் 5 9600எக்ஸோ ரைசன் 7 7700ஓ புதிதாகவே எடு. இந்தப் பிராசஸர்கள் பொருந்தும் ஏஎம்5 சாக்கெட்டை 2027 வரையும் அதற்கு அப்பாலும் தொடர்வதாக ஏஎம்டி அறிவித்திருக்கிறது. பின்னால் பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: மகன் பொறியியல் முதலாண்டு சேர்கிறான். 5090 போட்ட லேப்டாப் கேட்கிறான். அதே பெயர் கணினியில் உள்ள அதே கார்டுதானா?
– ஒரு தாய், திருப்பத்தூர்

பதில்: இல்லை அம்மா. பெயர் ஒன்று, சரக்கு வேறு. டெஸ்க்டாப் 5090 இழுப்பது 575 வாட், நினைவகம் 32 ஜிபி. லேப்டாப் 5090க்கு உச்சமே 175 வாட், நினைவகம் 24 ஜிபி. உள்ளே இருப்பது டெஸ்க்டாப் 5080 வகைச் சிப். விடுதியில் தங்கிப் படிப்பான் என்றால் லேப்டாப்தான் வழி, ஆனால் 5070 டிஐ அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். படிப்புக்கும் விளையாட்டுக்கும் அது போதும். வீட்டிலிருந்து போய்வருவான் என்றால் அதே பணத்தில் நல்ல டெஸ்க்டாப்பும், கல்லூரிக்கு எடுத்துப்போக எளிய லேப்டாப் ஒன்றும் வாங்கிவிடலாம். டெஸ்க்டாப்பில் எது பழுதானாலும் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றலாம்.

கேள்வி: 9800எக்ஸ்3டியுடன் 16 ஜிபி ரேம் நான்கு போட்டேன். 6000 வேகத்தில் எக்ஸ்போ (ரேமை அதன் பெட்டியில் சொன்ன வேகத்தில் ஓட்டும் பயாஸ் அமைப்பு) போட்டால் திரை கறுப்பாகவே நிற்கிறது. ரேம் கெட்டதா?
– வாசகர், வாணியம்பாடி

பதில்: ரேம் கெடவில்லை. இந்தப் பிராசஸர் இரண்டு குச்சிகளுக்கு 5600 வேகத்தை அதிகாரபூர்வமாகத் தாங்கும், நான்குக்கு 3600தான். இரண்டு குச்சிகளில் 6000 பெரும்பாலும் சுலபமாக ஓடுகிறது, நான்கில் அது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. தனித்தனியாக வாங்கிய இரண்டு ஜோடி என்றால் இன்னும் கடினம். இரண்டை எடுத்துவிட்டு, மீதியைப் பிராசஸர் பக்கமிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது இடங்களில் போடுங்கள். கட்டாயம் 64 ஜிபி வேண்டும் என்றால் 32 ஜிபி குச்சி இரண்டாக வாங்குங்கள்.

எக்ஸ்போ போட்டபின் முதல் தடவை போர்டு ரேமைப் பழக்கிப் பார்க்கும். அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். போர்டின் ரேம் விளக்கு எரிந்துகொண்டிருக்கும், திரை கறுப்பாகவே இருக்கும். பலர் பொறுமையிழந்து பொத்தானை அழுத்தி அணைத்துவிட்டு மறுபடி அதே இடத்துக்கு வருகிறார்கள். பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். அதற்கு மேலும் வரவில்லை என்றால் சிமாஸ் கிளியர் செய்யுங்கள், அதாவது பயாஸ் அமைப்புகளைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

கேள்வி: சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போவதா, ஆன்லைனில் வாங்குவதா? சென்னையிலேயே அசெம்பிள் செய்து எடுத்து வரலாமா?
– வாசகர், அரக்கோணம்

பதில்: விலை இரண்டு இடத்திலும் பெரும்பாலும் ஒட்டியே இருக்கும். விலையைவிட வாரண்ட்டிக்கு யார் பொறுப்பு என்பதைப் பாருங்கள். கார்டு, மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ் மூன்றும் ரிச்சி ஸ்ட்ரீட் கடையில் வாங்குவது நல்லது. பிரச்சினை வந்தால் காலையில் ரயிலேறிப் போய் மாலையில் திரும்பிவிடலாம். எஸ்எஸ்டி, ரேம், விசிறி போன்றவற்றை ஆன்லைனில் வாங்கலாம். பெட்டியைப் பிரிப்பதை முழுக்க வீடியோ எடுங்கள். 18 சதவீத ஜிஎஸ்டி போட்ட பில்லும், அதில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் இருக்க வேண்டும். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் அந்தப் பேச்சையே விடுங்கள்.

ஏஎம்5 போர்டில் முட்கள் பிராசஸரில் இல்லை, போர்டின் சாக்கெட்டில்தான் இருக்கின்றன. கடையிலேயே மூடியைத் திறந்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முள் வளைந்திருந்தாலும் வாரண்ட்டி கிடைக்காது, வீட்டுக்கு வந்த பிறகு சொன்னால் யாரும் ஏற்கவும் மாட்டார்கள். போர்டு பழைய பயாஸோடு வந்திருந்தால் 9000 வரிசைப் பிராசஸரை அடையாளம் காணாது. அங்கேயே பயாஸைப் புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள்.

அசெம்பிள் செய்து எடுத்து வருவதானால் கார்டைக் கழற்றி அதன் சொந்தப் பெட்டியில் தனியாகக் கொண்டுவாருங்கள். பெரிய கார்டுகள் இரண்டு கிலோ வரை கனக்கும். ரயிலிலும் பஸ்ஸிலும் வரும் குலுக்கலில் போர்டின் ஸ்லாட்டே பிய்ந்துவிடும். கனமான காற்றுக் கூலர் என்றால் கேபினெட்டைப் படுக்க வைத்து, மதர்போர்டு கீழ்ப்பக்கம் இருக்கும்படி எடுத்து வாருங்கள்.

கேள்வி: நானே அசெம்பிள் செய்தேன். விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, மானிட்டரில் சிக்னல் இல்லை.
– வாசகர், பாகாயம்

பதில்: மானிட்டர் கேபிள் மதர்போர்டில் செருகியிருக்கிறதா, கார்டில் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். கார்டில் இருக்க வேண்டும். பிறகு போர்டின் ஓரத்தில் சிறிய நான்கு விளக்குகள்: சிபியு (பிராசஸர்), டிரேம் (ரேம்), விஜிஏ (கார்டு), பூட் (எஸ்எஸ்டி). எது எரிந்தபடி நிற்கிறதோ அங்கே கோளாறு. சிபியு என்றால் போர்டின் மேல் மூலையில் 8 முள் சிபியு மின்கேபிள் மறந்திருக்கலாம், அல்லது பயாஸ் பழையது. பயாஸ் ஃபிளாஷ்பேக்குக்கு ஃபேட்32 வடிவில் உள்ள பென்டிரைவில், கையேடு சொல்லும் பெயருக்கு ஃபைலை மாற்றிப் போட்டு, குறித்த யுஎஸ்பி போர்ட்டில் செருகிப் பொத்தானை அழுத்துங்கள். விளக்கு மினுங்கி முடியும் வரை தொடாதீர்கள். டிரேம் என்றால் ஒரே ஒரு குச்சியை இரண்டாவது இடத்தில் போட்டு, முன்பு சொன்னபடி பத்து நிமிடம் காத்திருங்கள். விஜிஏ என்றால் கார்டைக் கழற்றி, கிளிக் சத்தம் கேட்கும் வரை திரும்ப அழுத்துங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் போர்டைக் கேபினெட்டிலிருந்து வெளியே எடுத்து, அதன் அட்டைப் பெட்டியின் மேல் வைத்து, பிராசஸர், கூலர், ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ் மட்டும் இணைத்துப் போடுங்கள். ரைசன் 7000, 9000 வரிசையில் பெயர் எஃப் என்று முடியாத பிராசஸர்களில் திரைக்கான சிறு கிராபிக்ஸ் உள்ளேயே இருப்பதால், இந்தச் சோதனையில் மட்டும் மானிட்டரை மதர்போர்டில் செருகலாம். படம் வந்தால் கேபினெட்டில் தேவையில்லாத இடத்தில் ஒரு பித்தளை ஸ்டாண்டாஃப் (போர்டைத் தாங்கும் சிறு திருகுத்தூண்) போர்டின் அடியைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். அதைக் கழற்றுங்கள். கூலரை எடுத்ததுமே அதன் அடியில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். உரிக்காமல் பொருத்தியிருந்தால் படம் வந்த சில நிமிடங்களில் சூடாகி மறுபடி அணையும்.